நிழலும் வண்ணமும் குரலும்: அசைவூட்டக் குறும்படத்தில் சொல்லின் இடம்

1. முன்னுரை

அசைவூட்டப் படம் மொழி கடந்தது என்னும் கருத்து திரைக்கலை பற்றிய எழுத்துகளில் தொடர்ந்து காணப்படுகிறது. உரையாடல் இல்லாத குறும்படம் எந்நாட்டிலும் மொழிபெயர்ப்பின்றி விளங்கும் என்பதும், மெய்ம்மையிலிருந்து கனவுக்குத் தப்பிச் செல்லும் கதைக்கு அதுவே பொருத்தமான வடிவம் என்பதும் இக்கருத்தின் இரு கூறுகள். மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் இதனை ஆராயாமல் ஏற்பதற்கில்லை. படத்தில் சொல் ஒலிக்காமல் இருப்பது வேறு. படத்திற்கு மொழியே இல்லாமல் இருப்பது வேறு.

இக்கருத்தின் வலிமையை மூன்று படைப்புகளின் துணையோடு சோதிப்பது இக்கட்டுரையின் நோக்கம். கீதாஞ்சலி ராவ் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிரின்டெட் ரெயின்போ' என்னும் உரையாடலற்ற குறும்படம் முதலாவது. பாலக்காட்டுப் பகுதியின் பத்திரகாளி கோயில்களில் கம்பராமாயணத்தை நிழலுருவாகக் காட்டும் தோற்பாவைக் கூத்து இரண்டாவது. அதிதி கிருஷ்ணதாஸ் இயக்கி 2021 ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதைப் பெற்ற 'கண்டிட்டுண்டு' என்னும் மலையாளக் குறும்படம் மூன்றாவது. முதலாவதில் சொல் இல்லை. இரண்டாவதில் சொல்லே மேலோங்குகிறது. மூன்றாவதில் சொல் படத்தை நடத்திச் செல்கிறது.

2. கலைச்சொற்கள்

ஆங்கிலத்தில் இக்கலையைக் குறிக்கும் 'அனிமேஷன்' என்னும் சொல், உயிர்மூச்சைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. தமிழில் இதற்கு அசைவூட்டம், உயிரூட்டம், இயங்குபடம் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. அசைவூட்டம் என்பது செய்முறையைச் சுட்டுகிறது. உயிரூட்டம் என்பது பயனைச் சுட்டுகிறது. இயங்குபடம் என்பதில் ஊட்டுபவர் மறைந்து, படம் தானே இயங்குவதாகத் தோன்றுகிறது. மூன்றும் ஒரு பொருட் கிளவிகள் அல்ல என்பது பின்னர் விளங்கும்.

'எழுத்து' என்னும் சொல்லும் இங்கு நோக்கத்தக்கது. தமிழில் ஓவியமும் எழுதப்படுவதே. கண்ணுக்கு மையும் எழுதப்படுவதே. மலையாளத்தில் வண்ணப்பொடிகளால் தெய்வ உருவை வரையும் கலைக்குக் களமெழுத்து என்று பெயர். இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிய மறையூரில், பாறை ஓவியங்கள் உள்ள இடம் ஒன்று எழுத்துக்குகை என்று அழைக்கப்படுகிறது. அங்கு உள்ளவை விலங்குருவங்களும் மனித உருவங்களுமே ஆயினும் மக்கள் வழக்கு அவற்றை எழுத்து என்றே கொண்டது. படம் ஒருபுறம், மொழி மறுபுறம் எனப் பிரித்து நிறுத்தும் பார்வை இவ்விரு மொழிகளின் சொல்வழக்கிற்கு இயல்பானதன்று என்பதற்கு இது ஒரு சான்று. எழுதப்பட்டது எதுவாயினும் அதனைப் படிப்பதற்குப் பயிற்சி வேண்டும் என்பது அச்சொல்வழக்கில் அடங்கிய உண்மையாகும்.

'தப்பித்தல்' என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. தப்புதல் என்பதற்குப் பிழைபடுதல், பிழைத்தல் என்னும் இரு பொருள்களும் உண்டு. பிழைத்தல் என்பதற்கும் அவ்வாறே தவறுதல், உயிர்வாழ்தல் என இரு பொருள்கள். மெய்ம்மையிலிருந்து 'தப்பிக்கும்' கதை என்று ஒரு படத்தை அறிமுகம் செய்யும்போதே அதன்மீது குற்றச்சாட்டின் நிழல் படிந்துவிடுகிறது. அக்குற்றச்சாட்டு பொருந்துமா என்பதைப் படைப்பே சொல்ல வேண்டும்.

3. அச்சிட்ட வானவில்

கீதாஞ்சலி ராவ் மும்பையிலுள்ள சர் ஜே.ஜே. பயன்பாட்டுக் கலை நிறுவனத்தில் பயின்று 1994 இல் பட்டம் பெற்றவர். 'பிரின்டெட் ரெயின்போ' ஏறத்தாழ 15 நிமிட அளவுடையது. பெரும் படப்பிடிப்பு நிலையத்தின் பணிப்பகிர்வு இன்றி, படங்களை அவரே கையால் தீட்டி உருவாக்கியது. 2006 ஆம் ஆண்டில் கான் திரைப்பட விழாவின் விமரிசகர் வாரப் பிரிவில் இப்படம் மூன்று விருதுகளைப் பெற்றது.

திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் என்பது பொதுக் கணக்கு. அதன்படி 15 நிமிடத்திற்கு 21,600 சட்டங்கள் ஆகின்றன. ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தும் வழக்கமான முறையைக் கையாண்டாலும் 10,800 ஓவியங்கள் தேவைப்படும். தனியொருவர் இத்தகைய படத்தை எடுக்கத் துணியும்போது ஆண்டுகள் பல அதற்குள் சென்று சேர்கின்றன. மெய்ம்மையை விட்டு விலகுதல் பற்றிய படம் ஒன்றை எடுப்பதற்கு, மேசை, தாள், தூரிகை, மணிக்கணக்கு ஆகிய மெய்ம்மைகளுக்குள் மிக ஆழமாக இறங்க வேண்டியிருக்கிறது. 'தனிப்பட்ட படம்' என்னும் தொடருக்கு இதுவே முதற்பொருள். படைப்பாளியின் வாழ்க்கைச் செய்தி அதில் இருப்பது இரண்டாம் நிலையினது; அவர் கையின் நடுக்கமும் அழுத்தமும் ஒவ்வொரு சட்டத்திலும் பதிந்திருப்பதே முதன்மையானது.

படத்தின் கதை எளியது. பெருநகர அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு மூதாட்டியும் அவர் வளர்க்கும் பூனையும் தனித்து வாழ்கின்றனர். நகர வாழ்க்கை நிறம் இழந்து காட்டப்படுகிறது. மூதாட்டி சேர்த்து வைத்திருக்கும் தீப்பெட்டிகளின் மேலுறைப் படங்களே அவருக்கு வாயில்கள். ஒவ்வொரு படத்தின் வழியாகவும் அவர் வண்ணம் நிறைந்த ஓர் உலகிற்குள் செல்கிறார். உரையாடல் இல்லை, இசையும் சூழலொலியும் உண்டு.

இப்படம் மொழி கடந்ததா? தீப்பெட்டியின் மேலுறை என்பது எங்கும் உள்ள பொதுப் படமன்று. 1922 இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து சிவகாசியின் தொழில் வரலாறு தொடங்குகிறது. தீப்பெட்டிக்கு லேபிள் தேவை. லேபிளுக்கு அச்சகம் தேவை. இவ்வாறு சிவகாசி அச்சுத் தொழிலின் நகரமாகவும் வளர்ந்தது. புலி, கிளி, கப்பல், தாமரை, தெய்வ உருவம் என அமைந்த அம்மேலுறைகள், எழுத்தறியாத வாங்குபவரும் கடைக்காரரிடம் பெயர் சொல்லிக் கேட்பதற்கு உதவும் அடையாளங்களாக இருந்தன. கிளி மார்க், புலி மார்க் என்னும் வழக்கில் படமே பெயராகிறது. அதாவது அப்படங்கள் மொழிக்கு வெளியே நிற்பன அல்ல, வாயால் படிக்கப்பட்டவை. தமிழ்நாட்டுச் சிறுவர்கள் அவற்றைச் சேர்த்து வைத்துப் பந்தயப் பொருளாக்கி விளையாடியதும் இங்கு நினைவுகூரத்தக்கது. கான் நகரத்துப் பார்வையாளருக்கு அழகிய அயற்பொருளாகத் தோன்றும் மேலுறை, மதுரையிலோ பாலக்காட்டிலோ வளர்ந்த பார்வையாளருக்கு அடுக்களையின் மணத்தோடு வருகிறது. இருவர் காண்பதும் ஒரே படம். இருவர் படிப்பதும் ஒரே பனுவல் அன்று.

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. தீப்பெட்டி உற்பத்தி, 1986 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குழந்தைகளை ஈடுபடுத்தக் கூடாது என்று தடைசெய்த தொழில்களுள் ஒன்று. மூதாட்டி நுழைந்து செல்லும் வண்ண வாயிலை ஒட்டிய கைகளுக்கு அதுவே மெய்ம்மை. படத்தின் கதை மூதாட்டியின் தனிமையோடு நிற்கிறது. அவ்வாறு நிற்பதற்கு அதற்கு உரிமையும் உண்டு. ஆயினும் தமிழ்ப் பார்வையாளர் அம்மேலுறைகளைக் காணும்போது சிவகாசியை நினையாமல் இருக்க முடியாது. மேல்வரியிடல் எதுவும் இல்லாத படத்திலும் மொழிபெயர்ப்பாளருக்கு வேலை இருக்கிறது என்பது இதனால் பெறப்படும். அறிமுகக் குறிப்பிலோ விழா மலரிலோ அம்மேலுறை எவ்விடத்துப் பொருள் என்பதைச் சொல்லுவதே அவ்வேலை.

படத்தலைப்பின் தமிழாக்கமும் இங்குக் கருதத்தக்கது. 'அச்சு வானவில்' என்றால் அச்சு என்பது அடையாளமாக மட்டும் நின்றுவிடும். வண்டியின் அச்சு என்னும் மயக்கமும் நேரும். 'அச்சிட்ட வானவில்' என்பதில் ஒரு வினை இருக்கிறது; அதனால் அச்சிட்டவரும் இருக்கிறார். பெயரெச்சத் தொடர் வினைமுதலை மறைத்தே வைத்தாலும் இருக்கிறார் என்பதை மறுப்பதில்லை. இப்படத்திற்கு இதுவே தக்க தலைப்பாகும்.

4. பாலக்காட்டுத் திரை

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இடைவெளி. வணிகமும் மக்களும் சொற்களும் நெடுங்காலம் இதன் வழியே இருபுறமும் சென்றன. 1956 இல் மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் சித்தூர்ப் பகுதியில் தமிழ் பேசுவோர் மிகுதி. இத்தகைய நிலத்தில்தான் மலையாள மக்களின் கோயில்களில் கம்பனின் தமிழ்ப் பாடல்கள் இரவு முழுதும் ஒலிக்கும் தோற்பாவைக் கூத்து நிலைபெற்றது. பாலக்காட்டோடு திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் அண்டைப் பகுதிகளிலும் இது நிகழ்கிறது.

கோயிலின் முன்புறம் கூத்துமாடம் எனப்படும் நிலையான அரங்கு உண்டு. அதன் நீளம் 42 அடி என்பர். வெண்திரைக்குப் பின்னே வரிசையாக 21 விளக்குகள் எரியும். மான்தோலில் வெட்டித் துளையிட்ட பாவைகளின் நிழல் திரையில் விழும். கூத்து 7, 14, 21 இரவுகள் என அமையும். 71 இரவுகள் வரை நீள்வதும் உண்டு. நிகழ்த்துவோர் புலவர் என்றே அழைக்கப்படுகின்றனர். ஆட்டுபவர் என்றன்றிப் புலவர் என்று பெயர் பெற்றதே இக்கலையில் எது முதன்மையானது என்பதைக் காட்டும். பாவை பெரும்பாலும் அசையாது நிற்கும். சில பாவைகளுக்கு ஒரு கை மட்டும் அசையும். பாடலுக்குப் புலவர் கூறும் விரிவுரை நீண்டுகொண்டே செல்லும். சொற்பொருள், இலக்கணம், கிளைக்கதை, தருக்கம் என அது விரியும். பாடல்களிற் பெரும்பாலானவை கம்பனுடையவை. விரிவுரையோ தமிழும் மலையாளமும் கலந்து, வடமொழி மேற்கோள்களும் விரவிய தனி நடை.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996 இல் வெளியிட்ட நூலில் இக்கூத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். பல இரவுகளில் திரைக்கு முன்னே பார்வையாளரே இருப்பதில்லை என்பதை அவர் தம் ஆய்வின் மையச் சிக்கலாக எடுத்துக்கொண்டார். மரபின் விடை எளியது: கூத்து காளிக்காகவே நிகழ்கிறது. தாருகனோடு போர் புரிந்துகொண்டிருந்தமையால் இராம இராவணப் போரைக் காளி காண இயலவில்லை. அக்குறை தீர ஆண்டுதோறும் அப்போர் அவள் முன் நிழலாக நிகழ்த்தப்படுகிறது.

இத்தொன்மம் இக்கட்டுரையின் பொருளுக்கு இன்றியமையாதது. இங்கு நிழற்படம் மெய்ம்மையிலிருந்து தப்புவதற்கான வழியன்று. தவறவிட்ட மெய்ம்மையை மீட்டுத் தருவது. காண வேண்டியதைக் காணாமற் போனவளுக்குப் பின்னர்க் காட்டப்படுவது. மேலும், உயிரூட்டம் என்னும் சொல் இங்குப் புதுப்பொருள் பெறுகிறது. பாவை அசைவதால் உயிர் பெறவில்லை. சொல்லப்படுவதால் உயிர் பெறுகிறது. ஜெர்மானியக் கலைஞர் லோட்டே ரைனிகர் 1926 இல் வெளியிட்ட 'இளவரசன் அகமதின் சாகசங்கள்' நிழலுருக்களைக் கத்தரித்துச் சட்டம் சட்டமாக நகர்த்தி எடுக்கப்பட்டது. நிழற்பாவையிலிருந்து அசைவூட்டம் பிறந்தது என்பதற்கு அப்படத்தைச் சான்று காட்டுவது வழக்கம். அவ்வரலாற்றில் பாலக்காட்டுத் திரை சேராது. அங்கு அசைவு வளர்ந்தது. இங்குச் சொல் வளர்ந்தது. இரண்டையும் ஒரே வகைமையின் முந்திய, பிந்திய படிகளாகக் கருதுவது பொருந்தாது.

இவ்வேறுபாட்டை மறந்தால் விளையும் இழப்பு கற்பனையானதன்று. கூத்துமாடத்தை விட்டு நகர மேடைகளுக்கும் வெளிநாட்டு விழாக்களுக்கும் வந்த தோற்பாவைக் கூத்து, ஒரு மணி அளவிற்குச் சுருங்கியது. காந்தியின் வாழ்க்கை, கிறித்துவின் கதை ஆகியனவும் பாவைகளாயின. கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவரின் குடும்பம் இக்கலையை உலகறியச் செய்ததில் பெரும் பங்கு உடையது. அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் 2021 இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வு பெற்றார். இம்முயற்சிகள் இல்லையெனில் கலையே அருகியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மேடைச் சுருக்கத்தில் முதலில் நீங்குவது விரிவுரையே. படம் எவர்க்கும் விளங்கும், தமிழ் விளங்காது என்னும் எண்ணமே அதற்குக் காரணம். மொழி கடந்த படம் என்னும் கொள்கை இவ்வாறு ஒரு மொழிவடிவத்தின் மறைவுக்குத் துணைபோகிறது. வேறெங்கும் இல்லாத அத்தமிழ் விரிவுரை நடை, பேசுவோர் அருகிய கிளைமொழி ஒன்று பெறவேண்டிய கவனத்தைப் பெறவேண்டியது.

5. கண்டிட்டுண்டு

அதிதி கிருஷ்ணதாஸின் படம் முற்கூறிய இரண்டிற்கும் இடைப்பட்டது. ஸ்டுடியோ ஈக்சோரஸ் நிறுவனம் தயாரித்த இப்படத்தில், கேரளத்து முதியவர் ஒருவர் பேய்களையும் மாய உருவங்களையும் பற்றித் தம் குரலிலேயே கதை சொல்லுகிறார். சித்திரம் அக்குரலைத் தொடர்ந்து உருமாறிச் செல்கிறது. 69 ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அசைவூட்டப் படமாக இது தேர்ந்தெடுக்கப்பட்டது.

தலைப்பே மொழிபெயர்ப்பாளருக்கு நல்ல பாடம். 'கண்டிட்டுண்டு' என்னும் மலையாள வினைத்தொடரில் இடம், பால், எண் காட்டும் விகுதி இல்லை. கண்டவர் யார் என்பதை அது சொல்லுவதில்லை. தமிழில் 'கண்டிருக்கிறேன்' என்று பெயர்த்தால் தன்மை ஒருமை வந்து அமர்ந்து, கதை ஒரு தனிமனிதனின் சாட்சியமாகச் சுருங்கும். கேட்பவர் அதனை நம்பலாம் அல்லது மறுக்கலாம். 'கண்டதுண்டு' என்னும் தமிழ் வடிவமோ மலையாளத்தைப் போலவே கண்டவரைக் குறிப்பிடாமல், காணல் நிகழ்ந்தது என்பதை மட்டும் உறுதி செய்கிறது. நாட்டார் பேய்க்கதையின் அடிப்படை இதுவே. கண்டவர் பாட்டனாகலாம், பக்கத்து வீட்டாராகலாம், ஊரே ஆகலாம். உண்டு என்னும் சொல் காட்சிக்கு மட்டுமன்றிக் காணப்பட்டதற்கும் இருப்பை வழங்குகிறது.

ஆங்கில மேல்வரியில் இந்நுட்பம் நிற்பது அரிது. பேய்ப்பெயர்களுக்கும் இந்நிலையே. குட்டிச்சாத்தான் என்னும் பெயரைக் கிறித்துவ மரபின் சாத்தானோடு ஒப்புமைப்படுத்தி மொழிபெயர்ப்பது பிழை. பெயரைப் பெயர்த்து எழுதுவதினும் அப்படியே ஒலிபெயர்த்து, உருவத்தைச் சித்திரம் விளக்க விடுவதே தக்கது. இவ்வகையில் மட்டும் படம் சொல்லுக்கு உண்மையான உரையாக அமைகிறது.

6. ஒப்பீடு

மூன்று படைப்புகளும் மெய்ம்மையோடு கொள்ளும் உறவு மூவகைப்படுகிறது. 'பிரின்டெட் ரெயின்போ' மெய்ம்மையை விட்டு நீங்குகிறது. பாவைக் கூத்து தவறிய மெய்ம்மையை மீட்கிறது. 'கண்டிட்டுண்டு' மெய்ம்மைக்கும் கனவுக்கும் எல்லைக்கோடு உண்டு என்பதையே ஏற்க மறுக்கிறது. இம்மூன்றனுள் முதலாவதை மட்டுமே அசைவூட்டத்தின் இயல்பாகக் கொள்வது குறுகிய பார்வையாகும்.

முதலாவதைக்கூடத் தப்பித்தல் என்று கூறுவது முழுதும் பொருந்தவில்லை. தமிழ் மரபில் இதற்கு வேறொரு சொல் உண்டு. சித்தர் கதைகளிலும் விக்கிரமாதித்தன் கதைகளிலும் வரும் கூடுவிட்டுக் கூடுபாய்தல் என்பதே அது. கூடுபாய்பவன் தன் உடலை விட்டு ஓடுவதில்லை; அதனைப் பாதுகாப்பாக வைத்துவிட்டுப் பிறிதோர் உடலினுள் புகுந்து, அதற்கு உயிர் தந்து, மீள்கிறான். மூதாட்டி மேலுறைக்குள் புகும்போது உறைந்திருந்த அச்சுப்படம் அசைகிறது. அவர் செல்வதால்தான் அது உயிர் பெறுகிறது. கலைஞர் ஒவ்வொரு தாளிலும் செய்வதும் அதுவே. உயிரூட்டம் என்னும் கலைச்சொல்லும் கூடுபாய்தல் என்னும் மரபுத்தொடரும் இவ்விடத்தில் ஒன்றையொன்று விளக்குகின்றன. அசைவூட்டம் என்பதற்கு மேலாக உயிரூட்டம் என்பதையே இக்கலையின் பெயராகக் கொள்வதற்கு இது காரணமாகலாம். செய்முறை நூல்களில் அசைவூட்டம் என்பது தொடர்ந்து வழங்கத் தடையில்லை.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு. உரையாடலற்ற படமும் ஒரு நிலத்தின் பொருள்வழக்கால் எழுதப்பட்டதே. ஆகவே அதுவும் படிக்கவும் விளக்கவும் படவேண்டியது. நிழற்கூத்தை அசைவூட்டத்தின் முன்னோடியாக மட்டும் காண்பது, அதன் உயிராகிய சொல்லை விட்டுவிடுவதாகும். குரல் நடத்தும் படத்தில் வினைவடிவம் ஒன்றே கதையின் உண்மைநிலையைத் தீர்மானிக்கக்கூடும்.

இவற்றினின்றும் செயற்பாலதாகிய பணி ஒன்றும் தோன்றுகிறது. பாலக்காட்டுப் புலவர்களின் விரிவுரைகளை முழு இரவு ஒலிப்பதிவாகவும், அதற்குரிய எழுத்துப் படியாகவும், தமிழ் மலையாளச் சொல்லடைவுடனும் பதிப்பித்தல் வேண்டும். கம்பன் பாடல்கள் எவ்வாறாயினும் அச்சில் நிற்கும். விளக்கொளியில் நிற்கும் பாவைக்காகப் புலவர் பேசும் தமிழுக்கு அவ்வுறுதி இல்லை. பாவைகள் அருங்காட்சியகங்களில் பாதுகாப்பாக இருக்கின்றன. அவற்றுக்கு உயிர் தந்த பேச்சு பாதுகாக்கப்படாவிடில் எஞ்சுவது மான்தோல் மட்டுமே.